காவலாளியின் மனக்காயத்துக்கு யார் பொறுப்பு?

(மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் எங்கள் அறக்கட்டளையின் சட்ட உதவிக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை. வர இயலாதவர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடப்படுகிறது.)





போன மாதம் இதே இடத்தில் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் பற்றிப் பேசினோம். இன்றைக்குப் பேசப்போவது கொஞ்சம் சங்கடமான விஷயம். சங்கடம் என்று எல்லோரும் ஒதுக்கி வைப்பதால்தான் பேச வேண்டியிருக்கிறது.

நமதூரிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போனவர்களில் எத்தனை பேர் ‘செக்யூரிட்டி’ வேலையில் இருக்கிறார்கள் என்று நம் தெருவை மட்டும் எண்ணிப் பாருங்கள். வளைகுடாவில் ஹாரிஸ் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஊரில் வியாபாரம் படுத்தவர், லாரி ஓட்டி முதுகு போனவர், ஐம்பது வயதுக்கு மேல் வேறு வேலை கிடைக்காதவர், எல்லோருக்கும் கடைசியில் கிடைப்பது அந்த நீலச் சட்டையும் ஒரு விசிலும்தான். 12 மணி நேரம் நிற்க வேண்டும். ஆள் வராவிட்டால் 24 மணி நேரமும் நிற்க வேண்டும். திருடன் வந்தால் முதல் அடி அவருக்குத்தான். பொருள் காணாமல் போனால் முதல் சந்தேகமும் அவர் மேல்தான்.

கை ஒடிந்தால் நஷ்டஈடு கேட்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். மனம் ஒடிந்தால்?

ஒரு சகோதரரின் விஷயத்தைச் சொல்கிறோம். அவரும் அவர் வீட்டாரும் பெயர் சொல்லாமல் பேச அனுமதி தந்திருக்கிறார்கள். வெளியூரில் ஒரு கோடவுனில் இரவுக் காவல். ஏஜென்சி மூலமாகச் சேர்ந்த வேலை. ஒருநாள் இரவு மூன்று பேர் சுவர் ஏறிக் குதித்து, கழுத்தில் கத்தியை வைத்து, கை காலைக் கட்டிக் கழிவறையில் போட்டுப் பூட்டிவிட்டுப் போனார்கள். காலையில் லோடு ஏற்ற வந்தவர்கள்தான் கதவைத் திறந்தார்கள். மணிக்கட்டில் கயிறு உராய்ந்த தடம் தவிர உடம்பில் ஒன்றுமில்லை. “அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பியது” என்று எல்லோரும் சொன்னோம்.

மறுநாள் இரவே அதே கேட்டில் தனியாக நிற்கச் சொன்னார்கள். இன்னொரு ஆள் போடுங்கள் என்று கேட்டிருக்கிறார். பார்க்கலாம் என்றார்கள். பதினொரு நாள் நின்றார். பன்னிரண்டாவது நாள் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டார். வந்தவர் இரவில் தூங்குவதில்லை. கதவைத் தாழிட்டுத் தாழிட்டுப் பார்ப்பார். கழிவறைக் கதவை மூட மாட்டார். பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால் உடம்பெல்லாம் வியர்க்கும். பள்ளிக்கு வருவது நின்றது. ஏஜென்சி கடைசி மாதச் சம்பளத்தையும் தரவில்லை; சொல்லாமல் போனதால் ‘ஆப்ஸ்கண்ட்’ என்று எழுதிக்கொண்டது.

அவருடைய மனைவி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நாங்கள் என்ன செய்தோம்? ஒரு மூட்டை அரிசி கொடுத்தோம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டினோம். ஸப்ர் செய்யச் சொன்னோம். சம்பளச் சீட்டு இருக்கிறதா, எஃப்.ஐ.ஆர். நகல் இருக்கிறதா, டாக்டரிடம் காட்டினீர்களா என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. குடும்பத்தார் ஓதிப் பார்த்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், ஒரு தர்காவில் நாற்பது நாள் தங்க வைத்தார்கள். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டு நான்கு மாதம் கழித்து, வேறொரு வேலையாக வந்த ஒரு வக்கீல் சகோதரர்தான் “இதற்குச் சட்டப்படி நஷ்டஈடு கேட்கலாமே, ஏன் விட்டீர்கள்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி எங்கள் மேல்தான் வந்து விழுந்தது. இந்த உரைக்கு அதுதான் காரணம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு காலத்தில் சட்டமும் நம்மைப் போலத்தான் நினைத்தது. 1888-இல் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வழக்கு வந்தது. ரயில்வே கேட் காவலர் கவனக்குறைவாகக் கேட்டைத் திறந்துவிட, ஒரு குடும்பம் வண்டியோடு தண்டவாளத்தில் ஏறிவிட்டது. ரயில் பக்கத்தில் வந்து மோதாமல் போய்விட்டது. ஆனால் அந்தப் பெண்மணி அதிர்ச்சியில் கடுமையாக நோயுற்றார். உடம்பில் படாத காயத்துக்கு இழப்பீடு இல்லை என்று தீர்ப்பாயிற்று. அந்த நிலை நீடிக்கவில்லை. 1901-இலேயே இங்கிலாந்து நீதிமன்றம் வேறொரு வழக்கில் மாற்றிச் சொன்னது. 1910-இல் இன்னும் முக்கியமான ஒரு தீர்ப்பு வந்தது. ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, விபத்தில் சிக்கிய சக தொழிலாளியைத் தூக்க ஓடினார். பார்த்த காட்சியில் நரம்புத் தளர்ச்சி கண்டு வேலை செய்ய முடியாமல் ஆனார். அவர் மேல் ஒரு கல்கூட விழவில்லை. அதுவும் ‘வேலையில் ஏற்பட்ட விபத்துக் காயம்’தான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இதை ஏன் முக்கியம் என்கிறோம் என்றால், அந்த இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்துத்தான் நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் எழுதப்பட்டது. ‘விபத்தால் ஏற்பட்ட காயம்’ என்ற அதே சொற்கள் இங்கேயும் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே ‘காயம்’ என்பதற்கு விளக்கம் கொடுக்கும்போது உடல், மனம், நற்பெயர், சொத்து என்று நான்கையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். இப்போது வந்திருக்கும் பாரதீய நியாய சன்ஹிதாவிலும் அந்த விளக்கம் தொடர்கிறது. மனக்காயம் என்பது நேற்று முளைத்த புது நாகரிகம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

காவலாளி ஒருவரே தொடுத்த வழக்கு என்றால், சிட்னி நகரத்தில் நடந்த நாயுடு வழக்கைச் சொல்ல வேண்டும். அவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்தவர். செக்யூரிட்டி நிறுவனம் ஒன்றின் ஊழியர். அந்த நிறுவனம் அவரை நேஷன்வைடு நியூஸ் என்ற பத்திரிகை நிறுவனத்தின் கட்டடத்துக்குக் காவலுக்கு அனுப்பியது. நம் பிள்ளைகளை ஏஜென்சி அனுப்புகிறதே, அதே மாதிரி. சம்பளம் ஒருவர் கொடுக்கிறார், வேலை வாங்குவது இன்னொருவர். அந்தப் பத்திரிகை நிறுவனத்தில் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த ஒரு அதிகாரி 1990-களில் பல ஆண்டுகள் அவரை நிறத்தைச் சொல்லியும் இனத்தைச் சொல்லியும் இழிவுபடுத்தினார், நாவால் சொல்லக் கூசும் ஆபாசமாகவும் நடந்துகொண்டார், மிரட்டினார், தன் சொந்த வீட்டு வேலைக்கும் கூப்பிட்டுக்கொண்டார். இவர் பொறுத்துக்கொண்டார். ஏன் பொறுத்தார் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். கடைசியில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறும் கடுமையான மனச்சோர்வு நோயும் வந்து, வேலை செய்ய முடியாதவராக ஆகிவிட்டார்.

2005-இல் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஏறத்தாழ 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு விதித்தது. மேல்முறையீடு போனது. 2007 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பத்திரிகை நிறுவனத்தின் பொறுப்பை உறுதி செய்தது. தொகையைக் கேட்டு வாயைப் பிளக்க வேண்டாம்; அந்த நாட்டுச் சம்பளக் கணக்கு வேறு. நாம் கவனிக்க வேண்டியது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, “அவர் எங்கள் ஊழியர் இல்லை, ஏஜென்சி ஆள்” என்று சொல்லி வேலை வாங்கியவர் தப்பிக்க முடியவில்லை. இரண்டு, ஒரு மனிதனைப் பல ஆண்டுகள் இப்படி நடத்தினால் அவன் மனம் நோயுறும் என்பது எந்த நிர்வாகத்துக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய ஒன்று என்றது நீதிமன்றம்.

இந்த ‘முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது’ என்ற இடத்தில்தான் கவனக்குறைவு வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும். இங்கிலாந்தில் வாக்கர் என்றொரு சமூகநலத்துறை அதிகாரி. குழந்தைக் கொடுமை வழக்குகளை ஓய்வில்லாமல் கவனித்து 1986-இல் மனம் குலைந்து விழுந்தார். குணமாகித் திரும்பியபோது உதவிக்கு ஆள் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அந்த உதவி சீக்கிரமே நின்றுபோனது. 1987-இல் மறுபடி விழுந்தார். 1994-இல் வந்த தீர்ப்பு, முதல் தடவைக்கு நிர்வாகம் பொறுப்பில்லை, இரண்டாம் தடவைக்குப் பொறுப்பு என்றது. முதல் தடவை அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இரண்டாம் தடவை தெரியும். ஒரே மனிதர், ஒரே வேலை, ஒரே நோய். நிர்வாகத்துக்குத் தெரிந்ததா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம்.

நம் நாட்டுத் தீர்ப்புகளுக்கு வருவோம். இவை மனநோய் வழக்குகள் அல்ல. ஆனால் வேலைக்கும் பாதிப்புக்கும் உள்ள தொடர்பை எப்படிக் காட்ட வேண்டும் என்பதற்கு இவற்றைத்தான் வக்கீல்கள் எடுத்துக் காட்டுகிறார்கள்.

எஸ்.எஸ். துவாரகா என்ற கப்பலில் ஒரு முஸ்லிம் மாலுமி. 1961 டிசம்பரில் நெஞ்சு வலிக்கிறது என்றார். டாக்டர் பார்த்து மாத்திரை கொடுத்தார். பிறகு ஒருநாள் விடியற்காலையில் வெளியே நின்றவரைத் திருப்பி அனுப்பினார்கள். காலையில் ஆளைக் காணோம். உடலும் கிடைக்கவில்லை. தகப்பனார் இப்ராஹீம் முஹம்மது இஸ்ஸாக் நஷ்டஈடு கேட்டார். பம்பாய் உயர் நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. 1969-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வேலை காரணமாகத்தான் அந்த மரணம் நேர்ந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு கேட்பவர் மேல் இருக்கிறது, இந்த வழக்கில் அதற்குச் சாட்சியம் இல்லை என்றது. மகனைக் கடலில் பறிகொடுத்த தகப்பன் எட்டு ஆண்டு அலைந்து வெறுங்கையோடு திரும்பியதைப் படிக்கும்போது எங்களுக்கு இன்றும் மனம் கனக்கிறது.

பிறகு இரண்டு லாரி வழக்குகள். ஒரு கிளீனர் மாரடைப்பில் இறந்தார். வேலைப் பளுவால்தான் மாரடைப்பு என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இன்னொருவர் டிரைவர். டெல்லியிலிருந்து ஜார்க்கண்ட் வரை 1,152 கிலோமீட்டர் ஓட்டி வந்து, உடம்புக்கு முடியாமல் சாலையோரம் வண்டியை நிறுத்தி மயங்கியவர் இறந்துபோனார். அவர் வளர்ப்பு மகன் பரம்பால் சிங் தொடுத்த வழக்கில், அத்தனை தூரம் ஓட்டிய களைப்பும் அழுத்தமும்தான் மரணத்துக்குக் காரணம், இதுவும் வேலை விபத்தே என்று 2012 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கிளீனருக்கு இல்லாதது டிரைவருக்கு என்ன இருந்தது? எங்கே கிளம்பினார், எங்கே நின்றார், எத்தனை கிலோமீட்டர் என்ற விவரம் பதிவில் இருந்தது.

இப்போது நம் சகோதரர் விஷயத்துக்கே திரும்பி வாருங்கள். அவர் ஒருநாளும் டாக்டரிடம் போகவில்லை. நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதவில்லை. கேட்டால், “பைத்தியம்னு பேரு வந்துடும், பொண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கணுமே” என்றார் அவருடைய தாயார். நாம் வெட்கப்பட்டு மறைத்த ஒவ்வொரு மாதமும் ஏஜென்சிக்குச் சாதகமான சாட்சியாக மாறிக்கொண்டிருந்தது. “எங்களுக்கு எதுவுமே சொல்லவில்லையே, எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று அவர்கள் கேட்டால், பதில் சொல்ல நம்மிடம் ஒரு காகிதம் வேண்டாமா?

மார்க்கத்தில் இதற்கு இடமில்லை, ஈமான் பலவீனமானவனுக்குத்தான் இப்படி வரும் என்று சொல்கிறவர்கள் நம்மிடையே உண்டு. யஃகூப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்கள், யூசுஃப் நபியைப் பிரிந்த துயரத்தில் அழுது அழுது கண் பார்வையையே இழந்தார்கள் என்ற வரலாறு நம் மக்தப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவர்களுடைய ஈமானில் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர் உடலுக்கு நோய் வருவதுபோல மனதுக்கும் வரும், இரண்டுக்கும் மருத்துவம் வேண்டும் என்று தனி நூலே எழுதியிருக்கிறார்.

ஏர்வாடியை மறந்துவிட்டோமா? 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, தர்காவைச் சுற்றி இருந்த தனியார் விடுதிகளில் ஒன்றில் தீப்பிடித்தது. மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அங்கே விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. நம்மைப் போன்றவர்கள்தான், வேறு வழி தெரியாதவர்கள். பிற்பாடு ஏர்வாடியிலும், குஜராத்தில் மீரா தாத்தார் தர்காவிலும், ‘மருந்தும் துஆவும்’ என்று ஓதுமிடத்திலேயே மனநல மருத்துவரும் உட்காரும் ஏற்பாடு வந்தது. துஆ கேட்பதை யாரும் தடுக்கவில்லை. டாக்டர் சீட்டையும் சேர்த்து வாங்குங்கள் என்றுதான் சொல்கிறோம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்திருக்கிறது. வெளியே போக வெட்கமாக இருந்தால் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணுக்கு வீட்டிலிருந்தே பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

டாக்டர் சீட்டு சிகிச்சைக்கு மட்டுமல்ல, வழக்குக்கும் முதுகெலும்பு. தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த இரவில் என்ன நடந்தது, அதற்குப் பிறகு என்ன மாறியது என்று டாக்டரிடம் சொல்லி, அவர் சீட்டில் எழுதும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தேதி முக்கியம்.

அடுத்து, எங்கே கேட்பது? முதலில் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமானால், பெரும்பாலும் இ.எஸ்.ஐ. இருக்கும். இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் வேலைக் காயத்துக்கு அங்கேதான் கேட்க வேண்டும். நஷ்டஈட்டுச் சட்டத்தின் கீழ் தனியாகக் கேட்க முடியாது. இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்குத்தான் 1923-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025-இல் நடைமுறைக்கு வந்து இந்தச் சட்டத்தைத் தனக்குள் எடுத்துக்கொண்டுவிட்டது என்பதால், எந்தப் பிரிவின் கீழ் மனு என்பதை வக்கீலிடம் விட்டுவிடுங்கள். அடிப்படை மாறவில்லை. காவலாளி வேலையும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. மனு போடும் இடம் கோர்ட் அல்ல, தொழிலாளர் துணை ஆணையர். இந்தச் சட்டத்தில் ஒரு பெரிய வசதி உண்டு: முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. வேலை காரணமாக, வேலையின்போது ஏற்பட்டது என்று காட்டினால் போதும். ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தவர், வேலை வாங்கிய முதன்மை நிறுவனத்திடமே கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. கவனக்குறைவுக்காக சிவில் கோர்ட்டில் போவதென்றால் அது தனி வழி. இரண்டிலும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டு யாரோ சொன்னார் என்று எதையாவது தாக்கல் செய்துவிடாதீர்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்று உடனே கேட்பீர்கள். 40 வயதுக்காரர், மாதச் சம்பளம் 12,000 ரூபாய், சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் நிரந்தரமாகப் போய்விட்டது என்று மருத்துவர் சான்று தந்தால், கணக்கு இப்படி: சம்பளத்தில் 60 சதவீதம் 7,200. அதை அந்த வயதுக்குரிய 184.17 என்ற எண்ணால் பெருக்கினால் 13,26,024. அதில் 30 சதவீதம், ஏறத்தாழ 3,97,800 ரூபாய். சிட்னிக் கணக்கு இல்லைதான். ஆனால் கடன் வாங்கிப் பிழைக்கும் வீட்டுக்கு இது சின்னத் தொகையா? முதலாளி ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லாவிட்டால் பாதி வரை அபராதமும் சேரும். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பு 2020-இல் 15,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது.

காலக்கெடு இரண்டு ஆண்டு. இதை எல்லோரும் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். தாமதத்துக்குப் போதிய காரணம் இருந்தால் ஆணையர் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அது அவர் முடிவு.

கட்டிப்போட்டு அடித்த, கொள்ளையடித்த சம்பவம் என்றால் இன்னொரு வழியும் உண்டு. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான அரசு இழப்பீட்டுத் திட்டத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் விண்ணப்பிக்கலாம். தொழிலாளிக்கு இலவச வக்கீல் தருவதும் அதே ஆணைக்குழுதான். தொலைபேசி எண் 15100.

நம்மில் வேலை கொடுப்பவர்களும் இருக்கிறீர்கள். அரிசி ஆலை, கடை, கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்கள், ஏன், நம் பள்ளிவாசலுக்கும் மக்தபுக்கும் ஒரு காவலாளி இருக்கிறார். கூலியைத் தாமதிக்காமல் கொடுப்பதில் நாம் கவனமாக இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ராத்திரியில் அவர் உட்கார ஒரு நாற்காலி, கூப்பிட ஒரு நம்பர், சம்பவம் நடந்தால் மறுநாள் விடுப்பு, துணைக்கு ஓர் ஆள், இவற்றையெல்லாம் யோசித்திருக்கிறோமா? தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005-இலேயே வந்துவிட்டது. உரிமம் இல்லாத ஏஜென்சி காவலாளி அனுப்பக் கூடாது. மத்திய அரசின் மாதிரி விதிகள் 100 மணி வகுப்புப் பயிற்சி, 60 மணி களப்பயிற்சி என்கின்றன. தொப்பியையும் விசிலையும் கொடுத்துச் சாயங்காலமே கேட்டில் நிறுத்தும் ஏஜென்சியிடம் ஆள் எடுக்காதீர்கள். ‘காண்டிராக்ட்காரர் பொறுப்பு’ என்று நாளைக்கு நாமும் சொல்ல முடியாது. மேலே சொன்ன அந்த விதி நமக்கும் சேர்த்துத்தான்.

நம் சகோதரர் விஷயம் என்ன ஆயிற்று என்று பலர் கேட்டீர்கள்.

வக்கீல் சகோதரர் அலுவலகத்தில் உட்கார்ந்து, இருக்கும் காகிதத்தையெல்லாம் எடுத்து வரச் சொன்னார். சம்பளச் சீட்டு மூன்று கிடைத்தது. இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை, ஏஜென்சியே ஆறேழு பேர் கொண்டதுதான். கோடவுன் முதலாளி கொடுத்த திருட்டுப் புகாரின் எஃப்.ஐ.ஆர். நகல் கிடைத்தது. அதில் காவலாளியைக் கட்டிக் கழிவறையில் அடைத்தது பற்றி இரண்டு வரி இருக்கிறது. இரண்டு வரிதான், ஆனால் தேதியும் நேரமும் இருக்கிறது. அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் ஐந்து தடவை பார்த்துவிட்டு, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மருந்து சாப்பிடுகிறார். தூக்கம் கொஞ்சம் வருகிறது.

நிர்வாகத்துக்குச் சொன்னதற்கு ஆதாரம் இல்லையே என்று நாங்கள் கைவிட்டிருந்த நேரத்தில், அவருடைய மனைவி பழைய செல்போனை எடுத்து நீட்டினார். திரை உடைந்தது. அந்தப் பதினொரு நாளில் சூப்பர்வைசருக்கு அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள் நான்கு அதில் இருந்தன. ஒன்றை அலுவலகத்தில் போட்டுக் கேட்டோம். “அண்ணே, தனியா நிக்க முடியலண்ணே, நெஞ்சு படபடன்னு அடிக்குது, இன்னொரு ஆளப் போடுங்கண்ணே.” பக்கத்தில் இரண்டு நீலக் குறிகள். கேட்டிருக்கிறார்கள். பதில் இல்லை. அந்தம்மா அதை ஏன் அழிக்கவில்லை என்று கேட்டோம். “அவரு பழைய மாதிரி பேசுன கடைசிக் குரலு இதுதானுங்க” என்றார்.

அந்த செல்போனை யாரும் விற்கவோ ரிப்பேர் என்று கடையில் கொடுக்கவோ கூடாது, மின்னணுச் சாட்சியத்துக்குரிய சான்றோடு அப்படியே தாக்கல் செய்ய வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். இப்போது அது எங்கள் அலுவலகப் பீரோவில் ஓர் உறையில் இருக்கிறது.

தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனுவும், அதோடு நஷ்டஈட்டு மனுவும் தாக்கல் செய்திருக்கிறோம். தாமதத்துக்குக் காரணமாக நோயையே காட்டியிருக்கிறோம். எங்கள் அறக்கட்டளை சரியான நேரத்தில் வழிகாட்டவில்லை என்பதையும் ஒரு பத்தியில் எழுதிக் கையொப்பம் போட்டிருக்கிறோம். முதல் விசாரணையில் ஏஜென்சி தரப்பு வாய்தா வாங்கிவிட்டது. அடுத்த விசாரணைக்கு அவர் நேரில் வர வேண்டும். மூடிய அறையில் உட்கார முடியுமா என்று அவருக்கே தெரியவில்லை. எங்களில் இருவர் கூடப் போகிறோம். வண்டி காலை ஏழு மணிக்கு அலுவலக வாசலில் இருந்து கிளம்பும். கூட வர விரும்பும் சகோதரர்கள், இதே மாதிரிக் காகிதங்கள் வீட்டில் வைத்திருப்பவர்கள், இஷாவுக்குப் பிறகு அலுவலகத்தில் எங்களைப் பாருங்கள்.

வஸ்ஸலாம்.